ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் 5.5 வாங்கிய நர்ஸ் தங்கைக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக வேலை. இங்கிலாந்து போக ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வின் அகாடமிக் பிரிவை எழுதினீர்கள். லிஸனிங் 6.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 5.5, மொத்தம் 6. நான்கு மாதத்தில் மறுபடி எழுத நினைக்கிறீர்கள். தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படித்து வருகிறீர்கள், ஆப்பில் தினம் இருபது புதுச்சொல் மனப்பாடம் செய்கிறீர்கள். ஆனாலும் வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. சரிதானே?

நான் மதுரை அண்ணா நகரில் வீட்டு மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் திருமங்கலத்தில் தமிழ்வழியில் படித்தவள்தான். அதனால் ஒரு அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த இலக்கணப் புத்தகத்தை வரிசையாகப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள். ரீடிங்கில் 6.5 எடுத்தவருக்கு இலக்கணம் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்த இலக்கணம் கண்ணோடு நிற்கிறது, வாய்க்கு இறங்கவில்லை. பேசும்போது நீங்கள் செய்யும் பிழைகளை எண்ணிப் பார்த்தால் பத்து வகைக்கு மேல் தேறாது. அவற்றில் பெரும்பாலானவை நம் தமிழ் வாக்கியத்தின் நிழல்கள். அந்தப் பத்தைப் பிடியுங்கள், மீதி தானாக நடக்கும்.

அதற்கு முன் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் கேட்பது லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. உங்களுக்கு லிஸனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றிலும் அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண் குறைகிறது, ஸ்பீக்கிங்கில் ஒன்றரை. ஆக, நேரத்தில் பாதிக்கு மேல் பேச்சுக்குத்தான் போக வேண்டும். ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிஷம். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கண வீச்சும் திருத்தமும், உச்சரிப்பு என நான்குக்கும் சம மதிப்பெண். ஒன்றைக் கவனியுங்கள்: 7 வாங்கப் பிழையே இருக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும், அவ்வளவுதான். சில பிழைகள் இருந்தாலும் 7 கிடைக்கும். இது தெரியாமல் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன் தயங்கி நின்று, சரளத்துக்கு உரிய மதிப்பெண்ணையும் சேர்த்துத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

சரி, பிழைகளை எப்படிப் பிடிப்பது? போனில் ரெக்கார்டரை ஆன் செய்து இரண்டு நிமிஷம் பேசுங்கள். 'எங்கள் அம்மாச்சி', 'இன்றைக்கு வார்டில் நடந்தது', எதுவானாலும் சரி. பிறகு அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். அழகாக மாற்றி எழுதக் கூடாது. 'அ...', 'ஆக்சுவலி' எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டு நிமிஷப் பேச்சை எழுத அரை மணி நேரம் பிடிக்கும். நம் குரலை நாமே கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். நான்காவது நாள் கூச்சம் போய்விடும். எழுதியதில் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். ரீடிங்கில் 6.5 எடுத்த கண் அல்லவா, முக்கால்வாசியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். மறுநாள் அதே விஷயத்தை மறுபடி பேசிப் பதிவு செய்யுங்கள். புது விஷயத்துக்கு அவசரமாகத் தாவ வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் மாணவர்களின் நோட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றைச் சொல்கிறேன், உங்கள் நோட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

முதலாவது என் சொந்தக் கதை. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "மை மதர் இஸ் எ டெய்லர். ஹி வொர்க்ஸ் ஹார்ட்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு ஹி, ஷி வித்தியாசம் தெரியாதா என்ன? மரியாதையாகச் சொல்லும்போது நமக்கு ஆணும் 'அவர்', பெண்ணும் 'அவர்'. பேச்சில் இருவருமே 'அவங்க'. மனசில் 'அவங்க' ஓடும்போது வாய் கைக்குக் கிடைத்த 'ஹி'யை எடுத்துப் போட்டுவிடுகிறது. மேட்ரன், அம்மாச்சி, டீச்சர் என்று மரியாதைக்குரிய பெண்களைப் பற்றிப் பேசும்போதுதான் இது அதிகம் வரும், கவனித்துப் பாருங்கள். மருந்து எளிது. ஒரு வாரம் பெண்களைப் பற்றி மட்டுமே பேசிப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்." தேர்வின் முதல் பகுதியில் வேலையைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சில வாக்கியங்களில் ஒன்றாக இது இருக்கும். தமிழில் 'மூன்று வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடலாம். இங்கிலீஷில் தொடங்கிய இடமும் இன்றும் தொடர்வதும் வினைச்சொல்லிலேயே தெரிய வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்." கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய ஆண்டுக்கு 'சின்ஸ்'. இதற்கு நேர் எதிரான தவறு, "ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்." 'போன வருஷம் பார்த்திருக்கேன்' என்பது நமக்கு இயல்பு. இங்கிலீஷிலோ நேற்று, போன வருஷம் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' அங்கே நிற்காது.

மூன்றாவது, 'எ'யும் 'த'வும். தமிழில் இந்த வகைச் சொற்களே இல்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சொல் இல்லை, ஆனால் உணர்வு இருக்கிறது. 'மாத்திரை கொடுத்தேன்' என்றால் ஏதோ ஒரு மாத்திரை. 'மாத்திரையைக் கொடுத்தேன்' என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்த மாத்திரை. அந்த 'ஐ' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'த' வரும், வராத இடத்தில் 'எ' வரும் அல்லது பன்மையில் எதுவுமே வராது. மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு நாம் எப்போதும் 'ஐ' சேர்ப்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இது முழு விதி இல்லை, ஒரு கைத்தடி. ஆனால் புத்தகத்தில் உள்ள நாற்பது விதியை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கைத்தடி பேசும்போது சட்டென்று கைக்கு வரும்.

நான்காவது, '-தான்', '-உம்'. 'இன்னிக்குத்தான் வந்தேன்' என்பது "ஐ கேம் டுடே ஒன்லி" ஆகிறது, 'அவங்களும் வந்தாங்க' என்பது "தே கேம் ஆல்சோ" ஆகிறது. "ஐ ஜஸ்ட் கேம் டுடே" என்றும், "தே கேம் டூ" என்றும் பழக்குங்கள். 'ஒன்லி'யை வாக்கியக் கடைசியில் போடுவதை ஒரு மாதம் விரதம் போல விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். "த பேஷண்ட் கம்ப்ளெயின் ஆஃப் பெயின்" என்று 'எஸ்'ஸை விழுங்குவது. வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்திருக்கும் நமக்கு ஒரே ஒரு 'எஸ்' பாரமாகப் போய்விட்டது பாருங்கள். 'பற்றி' என்ற சொல் மனசில் இருப்பதால் "டிஸ்கஸ் அபௌட்", 'வீட்டுக்கு' இருப்பதால் "கோயிங் டு ஹோம்". ஆஸ்பத்திரிக்காரர்களுக்கென்றே சில: "எக்விப்மெண்ட்ஸ்", "அட்வைஸஸ்", "இன்ஃபர்மேஷன்ஸ்". மூன்றுமே பன்மை ஏற்காதவை. "ஐ டோன்ட் நோ வேர் இஸ் த டாக்டர்" என்பது மட்டும் வேடிக்கையானது. 'டாக்டர் எங்கே இருக்கிறார்னு தெரியலை' என்று தமிழில் வரிசை மாறுவதே இல்லை. தமிழை அப்படியே பின்பற்றியிருந்தாலே "வேர் த டாக்டர் இஸ்" என்று சரியாக வந்திருக்கும். கேள்வி வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியதன் விளைவு இது.

திருத்தம் ஒரு பக்கம், 'வீச்சு' இன்னொரு பக்கம். எல்லாமே குட்டி வாக்கியமாகவோ, 'அண்ட் தென், அண்ட் தென்' என்று ரயில்பெட்டி கோத்தது போலவோ இருந்தால் 6-ஐத் தாண்டுவது கஷ்டம். எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து வந்தேன் என்று எச்சங்களை அடுக்கும் நம் பழக்கம்தான் 'அண்ட் தென்' ஆகிறது. இதிலிருந்து வெளிவர நான் கொடுக்கும் பயிற்சி பெயரெச்சம். 'நேற்று அட்மிட் ஆன பாட்டி', 'அழகர் ஆற்றில் இறங்குகிற நாள்', 'எனக்கு நர்சிங் சொல்லித்தந்த மேடம்' என்று தினம் பத்து எழுதுங்கள். நமக்கு விவரம் முன்னால் வரும், ஆள் கடைசியில் வருவார். இங்கிலீஷில் ஆள் முதலில், விவரம் பின்னால்: "தி ஓல்ட் லேடி ஹூ வாஸ் அட்மிட்டட் யெஸ்டர்டே." இப்படித் திருப்பிப் போடுவது வாய்க்குப் பழகிவிட்டால் 'ஹூ', 'விச்', 'வென்', 'வேர்' எல்லாம் தானாக வந்து வாக்கியம் நீளும்.

அடுத்து சொல்வளம். தினம் இருபது புதுச்சொல் என்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். 'ப்ளெத்தரா' (ஏராளம்) என்ற சொல்லை ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு மாணவர் எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வருவார், அதை உச்சரிக்கும்போதே நாக்கு பிசகும். 7 பேண்ட் கேட்பது பெரிய சொல் அல்ல, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற அறிவு. இதைப் புரியவைக்க நான் 'போடு' என்ற ஒரே வினையைக் கரும்பலகையில் எழுதுவேன். ஊசி போடு, சட்டை போடு, சண்டை போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சத்தம் போடு, கட்டுப் போடு. தமிழில் ஒரே 'போடு'. இங்கிலீஷில்? 'புட் இன்ஜெக்‌ஷன்' கிடையாது, கிவ் அன் இன்ஜெக்‌ஷன். சட்டைக்கு மட்டும் புட் ஆன். சண்டைக்கு வெறும் ஃபைட், கையெழுத்துக்கு வெறும் சைன். டீக்கும் சத்தத்துக்கும் மேக். கட்டுக்கு டிரெஸ் த வூண்ட். இதே போல 'எடு' (வாந்தி, லீவு, முடிவு, படம்), 'விடு' (மூச்சு, கண்ணீர், பட்டம்), 'பிடி' (பஸ், சளி, அடம்) என்று ஒரு வாரத்துக்கு ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு ஜோடிக்கும் இங்கிலீஷ் ஜோடியைக் கண்டுபிடித்து நோட்டில் ஏற்றுங்கள். வாரம் பத்து ஜோடி போதும். பதினாறு வாரத்தில் நூற்றறுபது ஜோடி, அதுவும் தினமும் நீங்கள் உண்மையிலேயே சொல்கிற விஷயங்களுக்கானவை.

கூடவே சில நம்மூர் இங்கிலீஷைக் கழற்றி வைக்க வேண்டும். "மை நேட்டிவ் இஸ் உசிலம்பட்டி" என்றால் வெளியூர்க்காரருக்கு வாக்கியம் பாதியில் நின்றது போலிருக்கும். "ஐ ஆம் ஃப்ரம் உசிலம்பட்டி" போதும். 'பாஸ்ட் அவுட் இன் 2021' என்றால் அவர்கள் ஊரில் மயங்கி விழுந்ததாக அர்த்தம், 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள். நர்ஸ் வாயிலிருந்து 'பாஸ்ட் அவுட்' வந்தால் கேட்பவர் நிஜமாகவே குழம்புவார்.

படிக்க என்ன என்று கேட்டால், எல்லாரும் சொல்கிற இங்கிலீஷ் தினசரித் தலையங்கத்தை நான் சொல்ல மாட்டேன். அது ரீடிங்குக்கு நல்லது, அந்த நடையில் யாரும் பேசுவதில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளத்தில் ஒவ்வொரு நோய்க்கும் நோயாளிகளுக்காக எளிய இங்கிலீஷில் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படியுங்கள், மூடுங்கள், படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு விளக்குவது போல இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லுங்கள். கேட்க, பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்'. ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு நீங்களும் சொல்ல வேண்டும்.

அந்த ஏற்ற இறக்கம்தான் உச்சரிப்பின் பெரும்பகுதி. வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டியதில்லை, மதுரை வாடை இருப்பதற்காக யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். புரியாமல் போனால்தான் குறையும். பேக், பேக், பேக் என்று தமிழில் எழுதினால் முதுகும் பையும் பொட்டலம் கட்டுவதும் ஒன்றுதான். இங்கிலீஷில் மூன்றும் வேறு. தொண்டையில் விரல் வைத்து, 'ப' அதிர்கிறதா என்று பார்த்துப் பழகுங்கள். சொல்லின் கடைசியில் 'பெட்டு', 'பேஷண்ட்டு' என்று ஒட்டிக்கொள்ளும் 'உ'வை வெட்டுங்கள். 'எக்ஸாம்' 'யெக்ஸாம்' ஆகாமல் பாருங்கள். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்வோம். இங்கிலீஷில் ஒரு அசை கனக்கும், மற்றவை தேயும். 'ஹோட்டல்' என்பதில் கனம் இரண்டாவது அசையில், 'ஹாஸ்பிட்டல்' என்பதில் முதல் அசையில். புதுச்சொல் ஒன்றை நோட்டில் எழுதும்போதே கனமான அசையின் கீழ் கோடு போட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் சொன்ன அந்தக் கோச்சிங் சென்டர் விஷயம். ஐம்பது தலைப்புக்கு விடை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் என்றீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண் இதே போல 'பிடித்த இடம்' என்பதற்குத் தாஜ்மகாலை ஒப்பித்தாள். எந்த வாசல் வழியாக உள்ளே போனாய், வெயில் எப்படி இருந்தது என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது, அவள் ஆக்ராவுக்கே போனதில்லை. தேர்வாளர்கள் தினமும் இதைக் கேட்பவர்கள், ஒப்பிப்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அவளை வண்டியூர் தெப்பக்குளம் பற்றிப் பேசச் சொன்னேன். திருமலை நாயக்கர் மகால் கட்டச் செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளம் என்று தாத்தா சொன்ன கதை, தண்ணீர் இல்லாத வருஷங்களில் உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடியது, இப்போது தண்ணீர் நிறைந்திருப்பது, தை மாதம் தெப்பம் ஓடும் ராத்திரி கூட்டத்தில் தங்கச்சியைத் தொலைத்தது. நான் நிறுத்தும்வரை நிறுத்தவில்லை. இலக்கணப் பிழை இருந்தது, ஆனால் இரண்டு நிமிஷம் இழுக்கத் திணறவில்லை. கதை உண்மையா, வருஷம் சரியா என்றெல்லாம் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. மொழிக்கு மட்டும்தான் மதிப்பெண்.

ஸ்பீக்கிங் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்கத் தருவார்கள், காகிதமும் பென்சிலும் உண்டு. வாக்கியம் எழுதாதீர்கள். யார், எங்கே, ஒரு வாசனை, ஒரு சண்டை அல்லது சிரிப்பு என்று நாலு சொல் போதும். ஜிகர்தண்டா, முளைப்பாரி, மஞ்சுவிரட்டு போன்ற சொல் வந்தால் தமிழிலேயே சொல்லி, உடனே ஒரு வரியில் என்னவென்று விளக்குங்கள். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துச் சொல்லும் திறமைக்கும் மதிப்பு இருக்கிறது.

பேச ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வார்டிலேயே வெளிநாடு போக இன்னும் இரண்டு பேராவது முயற்சி செய்துகொண்டிருப்பார்கள். வாரம் ஒரு நாள் சேர்ந்து உட்காருங்கள். நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் படிக்க அருமையான இடம், ஆனால் அங்கே பேச முடியாது. அதற்குத் தெப்பக்குளத்துக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் பேச, மூன்றாமவர் பிழை குறிக்க வேண்டும். பேசி முடிக்கும்வரை திருத்தக் கூடாது, இது கண்டிப்பு.

ரைட்டிங்கில் அரை பேண்ட் என்பதால் அதிகம் சொல்லவில்லை. இரண்டாவது கட்டுரைக்கு முதலாவதைப் போல இரு மடங்கு மதிப்பு, அதற்கு நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள். பேச்சு நோட்டில் திருத்துகிற அதே பிழைகள்தான் அங்கேயும் இருக்கும்.

ஓஇடி எழுதலாமா என்ற கடைசிக் கேள்வி. நியாயமான யோசனை. அது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள தேர்வு. ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல்பிளே, நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம் தயாராகி, ஐந்து நிமிஷம் பேச வேண்டும். ரைட்டிங்கில் கேஸ் குறிப்புகளைப் பார்த்து ஒரு கடிதம். இங்கிலாந்து கவுன்சில் ஸ்பீக்கிங், லிஸனிங், ரீடிங்கில் பி கிரேடும், ரைட்டிங்கில் சி பிளஸ்ஸும் கேட்கிறது. உங்கள் தினசரி வேலையே பாடத்திட்டம் என்பது பெரிய வசதி. ஆனால் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம். நோயாளியின் பயத்தைக் கேட்டு, மருத்துவச் சொல்லைத் தவிர்த்து எளிதாக விளக்குகிறீர்களா என்றும் அங்கே பார்ப்பார்கள். வார்டில் நாம் பழகியிருப்பது "ஒண்ணும் இல்லம்மா, சரியாயிடும்" என்ற ஒரு வரி. அது அங்கே எடுபடாது. இரண்டு தேர்வுக்கும் மாதிரித்தாள் ஒவ்வொன்று செய்துபார்த்து, எதில் மூச்சு முட்டவில்லையோ அதை எடுங்கள். பணம் கட்டும் முன் கவுன்சில் இணையதளத்தில் விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள், இவை அவ்வப்போது மாறும்.

நான்கு மாதத்தில் 5.5-லிருந்து 7 என்பது நடக்கிற காரியம்தான், ஆனால் நைட் டியூட்டியோடு என்றால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. தேதியை இப்போதே புக் செய்யாதீர்கள். புதுத் தலைப்பில் பேசிய மூன்று பதிவுகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்து, பாதிக்கு மேல் வாக்கியங்களில் சிவப்பு மை விழவில்லை என்றால் அன்றைக்குப் பணம் கட்டுங்கள். முதல் பதிவை வேண்டுமானால் இன்றைக்கே செய்யலாம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள், யாரோடோ போனில் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். செக்கானூரணி வருவதற்குள் அம்மாச்சியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசிவிடலாம். வீட்டுக்குப் போய் எழுதிப் பார்த்து, எத்தனை இடத்தில் அம்மாச்சி 'ஹி' ஆனார் என்று எனக்குச் சொல்லுங்கள்.